தெருமுனைக் கல்

விளக்குத்தூண் தாண்டி
மைதீன்பிச்சையின் புரோட்டாக் கடைக்குப் பின்னால்
சாக்கடை ஓரத்துக் கறுப்பு மண்,
ஒரு கரண்டி.
"இதையா? யுனிவர்சிட்டிக்கா?" என்றார்.
மூன்று வருடம் ஆகிறது.
அதிலிருந்துதான் இந்தப் பாக்டீரியா,
அதிலிருந்துதான் இந்த லைபேஸ்.

ட்ரைபியூட்ரின் தட்டில் வைத்தால்
விடிவதற்குள் தன்னைச் சுற்றி
வட்டமாய்த் தெளியவைத்துவிடும்.
நல்லெண்ணெய்த் தட்டில் வைத்தால்
மூன்றாம் நாளும் வைத்தது வைத்தபடி.
சாக்கடையில் பிறந்ததற்கு
இத்தனை வாய்க்கொழுப்பு.

"இது லைபேஸே இல்லை,
எஸ்டரேஸ் என்று எழுதிவிட்டுப் போய்த் தூங்கு"
என்றாள் தெபோரா.
அப்புறம் மூடி எதற்கு?
எண்ணெயே வேண்டாதவனுக்கு
எண்ணெயைக் கண்டதும் திறக்கிற கதவு எதற்கு?

பாடப்புத்தகம் பூட்டு என்கிறது, சாவி என்கிறது.
கணினித் திரையில் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தது
ஒரு சந்து.
வாசலில் சிறு சுருள், அதுதான் மூடி.
தண்ணீரில் சாத்தியே கிடக்கும்.
துளியின் ஓரம் தட்டுப்பட்டதும்
ஒருக்களித்து வழிவிடும்.
உள்ளே நுழைந்ததும்
செரின், ஹிஸ்டிடின், அஸ்பார்டேட்.
வெட்டுகிற மூவர்.
அடுத்த லைபேஸிலும் இதே மூவர், இதே வெட்டு.
கத்திக்கு எதுவும் பிடிக்கும்.
தொண்டைக்குத்தான் பிடிக்காது.

சந்தின் நடுவில் சுவரிலிருந்து
ஒரு வளையம் துருத்திக்கொண்டிருந்தது.
இருநூற்றுப் பதினேழாம் இடம்,
ஃபினைல்அலனின்.
தெற்குமாசி வீதிச் சந்துகளில்
வண்டி உரசிக் காரை பெயராமலிருக்க
மூலையில் நட்டுவைத்த கல்லைப் போல.

நாலு கார்பன் வால், சைக்கிள் மாதிரி,
கல்லுக்கு முன்பாகவே அடங்கிவிடுகிறது.
நல்லெண்ணெயின் வாலுக்குப் பதினெட்டு.
நடுவில் ஒன்றோ இரண்டோ முழங்கை வளைவு வேறு.
கம்பி ஏற்றிய டாடா ஏஸ்.
கல்லில் முட்டி நிற்கும்,
பின்னால் ஹாரன்.

மரபணுவில் இரண்டே எழுத்தை மாற்றினேன்.
கல் இருந்த இடத்தில் இப்போது கிளைசின்,
கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

அன்று கரண்ட் இரண்டுமுறை போய் வந்தது.
சன்னலுக்கு வெளியே நாகமலை
பகல் வெயிலை இன்னும் விடாமல் வைத்திருந்தது.
புற ஊதா விளக்கின் கீழ்
ரோடமைன் கலந்த நல்லெண்ணெய்த் தட்டு:
ஆரஞ்சு வளையம்.
நான் கத்தவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.
ஆரஞ்சுதான்.

மறுநாள் பழைய தட்டு, ட்ரைபியூட்ரின்.
வட்டம் ஒரு கடுகளவு.
விழுங்கத் தெரிந்ததும்
கொறிக்க மறந்துவிட்டது.
சைக்கிள் சந்துக்குள் வருகிறது,
சாத்திவைக்கக் கல் இல்லை,
சரிந்து சரிந்து வெளியே போய்விடுகிறது.
ஆய்வேட்டில் இதை
'பிணைப்பு குறைந்தது' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன்.
கல்லில் புரோட்டா அடிபடுகிற சத்தத்துக்கு மேலே
கத்திக் கத்திச் சொன்னேன்,
உங்க சாக்கடைப் பய இப்போ
நல்லெண்ணெய் தின்கிறான் என்று.

மைதீன்பிச்சை சால்னாவை ஊற்றினார்.
"நல்லெண்ணெயா? நான் எப்பம்மா
நல்லெண்ணெய் ஊத்தினேன்?
எல்லாம் பாமாயில்தான்,
ஆரம்பத்துலேர்ந்தே."

பாமாயில்.
பாதிக்குப் பாதி பதினாறு கார்பன்,
வளைவே கிடையாது.
விறைப்பாய் நீட்டிக்கொண்டு வருகிற வால்.
அந்தச் சந்து உள்ளே போகப்போக
நேரா, கோணலா?
விரலைச் சால்னாவில் தொட்டு
இலையில் வரைந்து பார்த்தேன்.
அந்தப் பக்கத்திலிருந்து
நான் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.